பனிக்கடலில் ஒலித்த ‘நான்’

ருக்கையா ஓராண்டாக வளர்த்த பாசி முழுவதும் ஒரே நாளில் செத்துப்போனது. சனிக் கோளின் பனிநிலவுக்குப் பூமியிலிருந்து கொண்டுவந்த பாசி அது. இங்குள்ள உப்புநீரில் வாழ அதைத் துளித்துளியாகப் பழக்கியிருந்தாள். துளைக்கருவிக்கு மின்சாரம் போதவில்லை என்று கோதண்டம் பாசிப்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி அதற்குக் கொடுத்தான். வேலை முடிந்தபின் திரும்ப மாட்ட மறந்துவிட்டான்.

ருக்கையா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பச்சை போய்ப் பழுப்பாகியிருந்தது.

“செத்துருச்சு,” என்றாள்.

“இணைப்ப மாட்ட மறந்தாச்சு,” என்றான் கோதண்டம்.

“சரி.”

“டீ போடவா?”

“போடு.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. அவன் முகத்தில் குற்றவுணர்வும் இல்லை. உலகம் இப்படி ஆகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

காதுக்குப் பின்னால் தோலோடு ஒட்டியிருக்கும் சட்டைப் பொத்தான் அளவுக் கருவிக்கு அகந்தணி என்று பெயர். மூளைக்குள் ஒரு பகுதி ஓயாமல் ‘நான்’ என்ற கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அகந்தணி அதை மெல்ல அமர்த்திவிடும். அறிவு குறையாது, நினைவு அழியாது. அந்த நினைவுகளுக்குச் சொந்தக்காரர் மட்டும் இருக்க மாட்டார்.

முதலில் அது விண்வெளிக்காகத்தான் உருவானது. சனிக்குப் புறப்பட்ட முதல் குழுவில், அறிக்கையில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று ஒரு சண்டை மூண்டது. முற்றிப்போய் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலை வந்தது. கசிந்துகொண்டிருந்த குழாயை அவர்கள் சரிசெய்யட்டும் என்று இவர்களும், இவர்கள் சரிசெய்யட்டும் என்று அவர்களும் விட்டார்கள். யாரும் திரும்பி வரவில்லை. அதன்பின் அகந்தணி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. பிறகு அது வீடுகளுக்கு வந்தது. மாமியார்களும் மருமகள்களும் அதை ஒட்டிக்கொண்டார்கள். நீதிமன்றங்கள் வெறிச்சோடின. எல்லைகளில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆசிரமங்கள் முதலில் சிரித்தன, பிறகு அவையும் வரிசையில் நின்றன. வாழ்நாள் முழுதும் தவமிருந்தும் கிடைக்காதது ஒரு மதியப் பொழுதில் கிடைக்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பேச்சிலிருந்து ‘நான்’ தானாகவே உதிர்ந்தது. தமிழுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. பசிக்குது, போயாச்சு, தெரியல. எழுவாய் இல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட முடிந்தது.

பனிநிலவின் நிலையத்தில் நான்கு பேர் இருந்தார்கள். உயிரியலாளர் ருக்கையா காயல்பட்டினத்துக்காரி. கோதண்டம் ஆற்காட்டுப் பக்கம், துளைப்பொறியாளன். தலைவர் மாசிலாமணி இளமையில் ஒரு மலை ஆசிரமத்தில் பல ஆண்டுகள் கண்மூடி உட்கார்ந்தவர். உள்ளே இருக்கும் ‘நானை’ ஒழிக்கத்தான் போனார். ஒழியவில்லை. அகந்தணி ஒட்டிக்கொண்ட அன்று மருத்துவமனைப் படியிறங்கும் முன்பே அது போய்விட்டது. குருவிடம் போய், “வந்து சேந்தாச்சு,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான்காவது ஆள் பெர்னதெத். தூத்துக்குடிக்காரி, கடலுக்குள் மூழ்கிச் செல்லும் ஆழ்கலம் ஓட்டுபவள். அவளுடைய அகந்தணியில் மட்டும் ஒரு சிறு மேடு உண்டு. அதை மீள்பொத்தான் என்பார்கள். அமுக்கினால் கருவி அணைந்துவிடும். ஆழ்கலம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதற்கு என்றால், முன்பு வேறொரு நிலவில் ஒருவன் ஆழ்கலத்தில் இறங்கியபோது உள்ளே நீர் புகுந்தது. “தண்ணி இடுப்பளவு வந்தாச்சு. கழுத்தளவு வந்தாச்சு,” என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு இறந்துபோனான். தப்பிக்க வேண்டும் என்று பதற அவனுக்குள் யாரும் இல்லை.

அவர்கள் வந்த வேலை எளிமையானது. பனிநிலவின் உறைந்த மேலோட்டுக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. அதன் தரையில் எங்கோ வெப்பம் ஊறுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெப்பவாங்கி என்ற கோபுரத்தை இறக்கி நட்டால், சனியைத் தாண்டிப் போகும் கலங்களுக்கெல்லாம் இங்கே எரிபொருள் செய்யலாம்.

கோதண்டம் பனியில் துளைவாயைத் திறந்து முடித்ததும் பெர்னதெத் முதல்முறை இறங்கினாள். நெடுநேரம் இருட்டு. பிறகு கீழே வெளிச்சம்.

“கீழ ஏதோ ஒளி இருக்கு,” என்றாள் ஒலிபெருக்கியில். “பெருசா இருக்கு. அசையுது.”

மேலே திரையில் மற்ற மூவரும் பார்த்தார்கள். கடல்தரையெங்கும் மெல்லிய ஒளிநூல்கள் அடர்ந்து படர்ந்திருந்தன. ஓர் ஓரத்திலிருந்து ஒரு நிறம் கிளம்பி அலையாக அடுத்த ஓரத்துக்கு நகர்ந்தது. ருக்கையா அளவுகளைச் சரிபார்த்தாள்.

“உயிர்தான். ஒரே உயிர். தூத்துக்குடிலேருந்து திருநெல்வேலி வரைக்கும் போற அளவு நீளம்.”

“வெப்பம் அதுக்கு அடியிலதான் வருதா?” என்று கேட்டான் கோதண்டம்.

“அதைத் தின்னுதான் உசுரோட இருக்குது.”

“அப்போ கோபுரத்த அது நடுவுல நடணும். அது செத்துடும்.”

“செத்துரும்.”

“சரி,” என்றார் மாசிலாமணி. “அடுத்த இறக்கத்துல இடம் குறிச்சிடலாம்.”

பூமிக்கு வெளியே முதல் உயிரைக் கண்டுபிடித்த மனிதர்கள் பிறகு மதிய உணவுக்குப் போனார்கள்.

இரண்டாம் இறக்கத்தில், இடம் குறிக்க வேண்டி பெர்னதெத் ஒளிநூல்களுக்கு மிக அருகே போனாள். தரையிலிருந்து கொதிநீர் பீறிட்டு ஆழ்கலத்தைப் புரட்டிப்போட்டது. உந்துவிசிறியில் நூல்கள் சுற்றிக்கொண்டன. கலம் கொதிநீர் வாயை நோக்கி நழுவத் தொடங்கியது.

“விசிறி சிக்கியாச்சு,” என்றாள். “வெளிச்சுவர் சூடாவுது. இன்னும் கொஞ்ச நேரத்துல உருகும்.”

“பெர்னதெத்,” என்றார் மாசிலாமணி, டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கும் குரலில். “மீள்பொத்தானை அமுக்கு.”

அமுக்கினாள்.

முதலில் வந்தது பயம். “மாதாவே!” என்று கத்தினாள். கைகள் அவளைக் கேட்காமலே இயங்கின. விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றினாள், நிறுத்தினாள், மறுபடி சுழற்றினாள். சாவதா? இங்கேயா? யாருக்கும் தெரியாத இந்தக் கடலிலா? முடியாது. கெட்ட வார்த்தைகளும் ஜெபமும் ஒரே மூச்சில் வந்தன. நூல் ஒன்றும் அறவில்லை, தானாகவே நழுவி விலகியது. கலம் துள்ளி மேலே எழும்பியது. வெந்நீரின் வீச்சுக்கு அப்பால் வந்ததும் விசிறியை அணைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தாள்.

உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த எண்ணத்தில் ஒருத்தி இருந்தாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவள் தனக்குத்தானே திரும்பக் கிடைத்திருந்தாள், வியர்வை நாற்றத்தோடும் காய்ந்த நாக்கோடும்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

நேற்றும் இதையேதான் பார்த்திருந்தாள். ஆனால் நேற்று பார்க்க ஆள் இல்லை. இப்போது அந்த ஒளிச்சமவெளி கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து, கண்ணுக்கு எட்டாத இடத்திலும் முடியாமல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு நீலம் பிறந்தது. அது நூல் நூலாகத் தொற்றி, வயலில் காற்று நடப்பதுபோல வந்தது. அவளுக்கு அடியில் வரும்போது பொன்னாக மாறியது. கடந்துபோய் மறுபக்கத் தொலைவில் ஊதாவாக அடங்கியது. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரம் பிடித்தது. அது மூச்சா, நினைப்பா, பாட்டா? மனிதர்கள் தீயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது இங்கே இப்படித்தான் அலையடித்துக்கொண்டிருந்திருக்கும். பார்க்க யாராவது வருவார்கள் என்று அது காத்திருக்கவில்லை. இப்போதும் அவள் வந்திருப்பது அதற்குத் தெரியாது.

தான் எவ்வளவு சிறியவள் என்பது பெர்னதெத்துக்கு உடம்பெல்லாம் உறைத்தது. அது வலிக்கவில்லை. சிறுவயதில் மாதா கோயில் பெருநாள் கூட்டத்தில் அப்பாவின் தோளிலிருந்து முதன்முதலில் தேரைப் பார்த்தபோதுகூட இப்படி நெஞ்சு நிறையவில்லை. மண்டியிடத் தோன்றியது. கலத்துக்குள் அதற்கு இடமில்லை. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

“பெர்னதெத், என்ன சத்தம்? பழுதா?” என்று கேட்டது மேலிருந்து குரல்.

“இல்ல ஐயா,” என்றாள். “நான் அழுதுட்டிருக்கேன்.”

‘நான்’ என்ற சொல்லை அவர்கள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலே வந்தவள் அகந்தணியை மறுபடி இயக்கவில்லை. பிய்த்தெடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கோபுரம் அங்க வேண்டாம்,” என்றாள்.

“யாரு வேண்டாங்கறது?” கோதண்டம் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

“நான்தான். நான் வேண்டாங்கேன். அது மேல கைய வச்சீங்கன்னா துளைவாய்க்குக் குறுக்க நான் படுத்துக்கிடுவேன்.”

“பூமில எல்லாருக்கும் பயன்படுமே,” என்றார் மாசிலாமணி. “ஒருத்தர் விருப்பத்துக்காக அதை நிறுத்தறது அகங்காரமில்லையா?”

“ஆமா ஐயா, அகங்காரந்தான். அது இல்லாம அந்த உசுரப் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணலயே. நீங்களும் பாத்தீய. சோறு திங்கப் போனோமே, நினைவிருக்கா?”

அவருக்கு நினைவிருந்தது. அதில் தவறென்ன என்பதுதான் தெரியவில்லை.

“ருக்கையாக்கா,” என்று அவள் பக்கம் திரும்பினாள் பெர்னதெத். “ஒருதடவ எங்கூட கீழ வாங்க. உங்க அகந்தணிய அங்க வச்சு எடுத்துருவோம். ஒரே ஒருதடவ.”

“சரி,” என்றாள் ருக்கையா.

அந்தச் சரி பெர்னதெத்தைப் பயமுறுத்தியது. அகந்தணியோடு இருப்பவர்களிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதே கலத்தில் ஏற்றிக் கொதிநீரில் தள்ளப் போகிறேன் என்றாலும் இதே சரிதான் வந்திருக்கும்.

கடல் ஆழத்தில், ஒளியின் விளிம்பில், ருக்கையாவின் காதுக்குப் பின்னாலிருந்து கருவியைப் பெர்னதெத் பிரித்தெடுத்தாள். அவள் ‘ஆ’ என்று வாய்பிளப்பாள் என்று எதிர்பார்த்தாள். ருக்கையாவின் முகம் கோணியது.

“பாவி!” என்று அலறினாள். “என் பாசிய கொன்னுட்டானே! ஒரு வருஷம்! ஒவ்வொரு துளியா, என் புள்ளைய மாதிரி வளத்தேனே! டீ போடவாண்டு கேக்குறான்! நானும் குடிச்சேனே!” கலத்தின் சுவரை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். பெர்னதெத் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அகந்தணி எதையும் ஆற்றியிருக்கவில்லை, மூடிபோட்டுத்தான் வைத்திருந்தது.

அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது, தொலைவில் அந்த நீலம் கிளம்பியிருந்தது. ருக்கையாவின் கை துடைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அலை பொன்னாகி, ஊதாவாகி அடங்கும்வரை அவள் இமைக்கவில்லை.

“சுப்ஹானல்லாஹ்,” என்றாள் மெல்ல. பிறகு, “ஒரு பெட்டிப் பாசிக்காகவா இம்புட்டு அழுதேன்?” என்று கேட்டுச் சிரித்தாள். உடனே மறுபடி அழுதாள். “ஆமா, அதுக்குந்தான் அழுதேன்.”

கோதண்டமும் ‘சரி’ என்று இறங்கினான். மேலே வந்தபோது தலை குனிந்திருந்தது. இந்தத் துளையைத் தோண்டியவன் அவன். இன்னும் இரண்டு நாளில் அந்த உயிரின் நடுவில் இரும்பை இறக்கியிருப்பான். ஆனால் அவன் முதலில் போனது ருக்கையாவிடம். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் அவளுடைய காலணியைப் பார்த்தபடி நின்றான்.

“அக்கா, நான்தான் மறந்தேன். எம்மேலதான் தப்பு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் உறைக்கல. இப்போ தாங்கல.”

“தாங்கவேணாம், நல்லா வேதனப்படு,” என்றாள் ருக்கையா. கொஞ்சம் கழித்து, “டீ போடு,” என்றாள்.

தலைவர் உடனே இறங்கவில்லை, ஆனால் ஒப்பவில்லை என்று சொல்ல முடியாது. ஒப்பாமல் இருக்கவும் உள்ளே ஓர் ஆள் வேண்டுமே. வேலைகள் முடியட்டும் என்று தள்ளிவைத்திருந்தார், அவ்வளவுதான். முடிந்ததும் வந்தார். கலத்தில் பெர்னதெத்துக்குப் பக்கத்தில், ஆசிரமத்தில் உட்கார்ந்ததுபோல முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அகந்தணியைத் தானே கழற்றினார்.

வெளியே பார்க்காமல் தலை குனிந்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்படியே இருக்கு,” என்றார்.

“எது ஐயா?”

“என்னோட அந்த ‘நான்’. எங்க விட்டேனோ அங்கயே உக்காந்திருக்கு. குரு என்னை விட்டுட்டு இன்னொருத்தன முன் வரிசைல உக்கார வச்சார்னு ஒரு எரிச்சல் இருந்துச்சு. அந்த எரிச்சல்கூட ஆறல. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் பெர்னதெத். போய் அவர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். அவர் ஒண்ணும் பேசாம என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்துல நான் ஒரு அங்குலம் வளரல. தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்.”

வெளியே நீலம் புறப்பட்டது. அவர் அதைப் பார்த்தார். பல ஆண்டுகள் கண்மூடித் தேடிய ஒன்று கண்திறந்தவுடன் எதிரே நின்றதுபோல இருந்தது அவர் முகம். அந்தப் பேரொளிக்கு முன்னால் முன் வரிசையும் பின் வரிசையும் எவ்வளவு சின்னதாயின! எரிச்சல் மறையவில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. இரு கைகளும் தாமாகக் குவிந்தன.

“இதோ பாரு, இப்போதான் கும்பிடறேன்,” என்றார் குரல் உடைந்து. “கொடுக்கறதுக்குக் கையில ஒண்ணாவது இருக்கணும்ல. வெறுங்கைய நீட்டிட்டு நான் எல்லாத்தயும் குடுத்துட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அன்று முதல் நிலையத்தில் அமைதி போயிற்று. அந்த உயிருக்கு என்ன பெயர் வைப்பது என்று ருக்கையாவும் கோதண்டமும் குரல் உயர்த்தினார்கள். தன்னைக் கேட்காமல் பேசுகிறார்கள் என்று தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான்தான் முதலில் பார்த்தேன் என்று பெர்னதெத் கதவை அறைந்தாள். முதல் குழுவின் கதை எல்லாருக்கும் நினைவு வந்து, பயமும் வந்தது. அகந்தணிகள் நான்கும் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. யாரும் எடுக்கவில்லை. சண்டை முற்றும்போது யாராவது ஒருவர், “வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்,” என்பார். இரண்டிரண்டு பேராகப் போவார்கள். திரும்பி வரும்போது முட்டிக்கொண்டவர்கள் ஒரே போர்வையைப் போர்த்தியிருப்பார்கள். மறுநாள் வேறொன்றுக்காக முட்டிக்கொள்வார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்க எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

கோபுரம் நட மாட்டோம் என்று பூமிக்குச் செய்தி அனுப்பினார்கள். எதிர்ப்பு வரும், மிரட்டல் வரும், வேறு குழுவை அனுப்புவார்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்கள். செய்தி போய்ச்சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதில் வர அதே நேரம். நால்வரும் கருவிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பதில் வந்தது. “சரி.”

அவ்வளவுதான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொல்வதற்குத் தலைவர் சொன்ன அதே சரியை, அதே குரலில், காப்பதற்குப் பூமியும் சொல்லிவிட்டது. வென்றுவிட்டோம் என்று கோதண்டம் துள்ளியெழுந்தவன் பாதியில் உட்கார்ந்தான்.

அனுப்பிய படங்கள் பூமியெங்கும் காட்டப்பட்டன. பூமிக்கு அப்பால் உயிர் இருக்கிறது என்ற செய்தியை மக்கள் எல்லோரும் பார்த்தார்கள், தெரிந்துகொண்டார்கள், தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாரும் தெருவுக்கு ஓடிவரவில்லை. யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.

அதுதான் பெர்னதெத்தைப் படுக்கவைத்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒலிவாங்கியின் முன்னால் போய் உட்கார்ந்து பூமிக்குப் பேசினாள்.

“நான் பெர்னதெத். தூத்துக்குடி. நான் இங்க ஒண்ணு பாத்தேன். படம் உங்ககிட்ட வந்திருக்கும். அதைப் பாக்குறதுக்கு முன்னால காதுக்குப் பின்னால இருக்கத எடுத்துருங்க. பயப்படாதீய. முதல்ல அழுகை வரும், கோவம் வரும், பழசெல்லாம் வரும். வரட்டும். அப்புறமா பாருங்க. எனக்கு இதத் தனியாத் தாங்க முடியல. யாராவது ஒருத்தராவது எங்கூடப் பாருங்க.”

நாள்கள் போயின. ‘செய்தி கிடைத்தது’, ‘நன்று’, ‘சரி’ என்று அலை அலையாகப் பதில்கள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. படிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு காலையில் கோதண்டம் அவளை உலுக்கி எழுப்பினான். “பெர்னா, எந்திரி. உன்னை யாரோ கன்னாபின்னான்னு திட்டறாங்க. சீக்கிரம் வா.”

ஓடினாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வெடித்துக்கொண்டிருந்தது. ஆளைப் பார்க்காமலே தெரிந்தது. அக்கா மெட்டில்டா.

“…ஏட்டி, ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அங்க போயி இத்தன வருஷம் ஆச்சி, ஒரு வார்த்த அக்கா எப்படி இருக்கன்னு கேட்டியா? அம்மா அடக்கத்துக்கு வந்தியா? நானும் அழலட்டி. சரின்னு சொல்லிட்டு மண்ணள்ளிப் போட்டுட்டு வந்தேன். இப்பம் மூணு நாளா ஒக்காந்து அழுதுட்டிருக்கேன். எல்லாம் ஒன்னாலதான். நாசமாப் போறவளே…”

பெர்னதெத்தின் கன்னங்களில் நீர் வழிந்தது. பக்கத்தில் ருக்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்காவிடம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டி முடித்து மூக்கைச் சிந்தினாள். “இரு, அந்தப் படத்தப் போடுதேன்,” என்றாள், பிறகு சத்தம் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கோதண்டம் கருவியைத் தட்டப் போனான்.

அப்போது அந்தக் குரல் மறுபடி வந்தது, மிகத் தாழ்ந்து, கோயிலுக்குள் பேசுவதுபோல.

“ஏட்டி… இது என்னட்டி இது? இவ்வளவு பெருசா?”